விளிம்போரம் பதினாலாம் நம்பர்

பதினோரு வருஷ இல்லற வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒரு முடிவெடுத்தேன். அக்டோபர் விடுமுறைக்கு படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் எங்கள் ஆர்.வி. வண்டியை எந்த முகாமில் நிறுத்துவது என்று இந்தத் தடவை நான்தான் சொல்வேன்! என் மனைவி லோர்னா அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதனால் உரக்கவே சொன்னேன்.

காரணம் எங்கள் ஒன்பது வயது மார்னி. போன வாரம் கேட்டாள்: "அப்பா, நட்சத்திரம் மொத்தமே ஏழுதானா?" நாங்கள் இருக்கும் ஃபீனிக்ஸ் நகரத்து வெளிச்சத்தில் அவ்வளவுதான் தெரிகிறது. பாலைவனப் பள்ளத்தாக்கின் விளிம்பிலேயே ஒரு முகாம் இருக்கிறது. விளக்கே கிடையாது. குழந்தைக்கு அங்கே வானத்தைக் காட்டியே தீருவேன் என்று வரிந்துகட்டினேன்.

லோர்னா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, விளிம்பு முகாமா? கீழ ஊருக்குள்ள ஒரு முகாம் இருக்கே, அதுல நீச்சல் குளம், சறுக்குமரம், காலையில ஓசி பான்கேக் எல்லாம் உண்டு."

"வீட்டுக்குப் பின்னாடியே குளம் இருக்கு. இருநூறு மைல் போய் இன்னொரு குளத்துல விழணுமா?"

"அங்க கரன்ட் இல்ல."

"நல்லதாப் போச்சு."

"குழாய் இல்ல."

"ரொப்பி எடுத்துட்டுப் போவோம்."

"சாக்கடை இணைப்பும் இல்ல. கக்கூஸ் தொட்டி ரெண்டு நாள்ல ரொம்பிடும். யாரு போய்க் கொட்டுறது?"

இங்கேதான் வழுக்கினேன். அந்தத் தொட்டிதான் எங்கள் வீட்டு உலகப் போர். வருஷா வருஷம் காசு சுண்டித்தான் ஆளை முடிவு செய்வோம்.

"நான் கொட்டுறேன்!"

"இந்தத் தடவை மட்டுமா?"

"எல்லாத் தடவையும்! எழுதியே தரேன்!"

எழுதிக் கொடுத்தேன். ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். "சரி, உங்க இஷ்டம்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், எனக்கே பாவமாகிவிட்டது.

ஜெயித்த மிதப்பில் முகாமுக்குப் போன் போட்டேன்.

"அக்டோபருக்கா சார்? ஆறு மாசம் முன்னாடி பதிவு திறந்த அன்னிக்கே, பத்து நிமிஷத்துல எல்லா இடமும் போயிடுச்சே!" என்றார் பொறுப்பாளர்.

உலகமே இருண்டது. மார்னியிடம் என்ன சொல்வேன்? ஏழு போதும், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றா?

"உங்க பேரு சார்?"

"வெண்டல் ஹாஸ்கின்ஸ்."

"அட, உங்களுக்குத்தான் பதினாலாம் நம்பர் இடம் இருக்கே! உங்க வீட்டம்மா ஏப்ரல்லயே போட்டுட்டாங்க. விளிம்போரம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க."

போனை வைத்துவிட்டு லோர்னா பக்கம் திரும்பினேன்.

"அப்போ அந்த நீச்சல் குளம்?"

"அதான் வீட்டுக்குப் பின்னாடியே இருக்கே!"

மார்னி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அங்க எத்தனை நட்சத்திரம்ப்பா இருக்கும்?"

"எண்ணி மாளாதுடா கண்ணு!" சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

லோர்னா அலமாரியைத் திறந்து, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை ஒரு ஜோடியை நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க, உங்க அளவுதான். இதையும் ஏப்ரல்லயே வாங்கிட்டேன்."