கோசெத்ஸ் வந்தாச்சு

ததேயா அனுப்பிய முதல் செய்தியே கோணலாகப் போயிற்று.

'கோசெத்ஸ் வந்துவிட்டது. ஜூலை முடியும்வரை தொந்தரவு வேண்டாம்' என்று, ஏரிக்கரை நிலக்காரர்களுக்காகத் தொடங்கிய 'புல்வெளி நண்பர்கள்' வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள். கோசெத்ஸ் என்பது புல்லுக்குள் முட்டையிடும் ஒரு பறவை. ஸ்லோவீனிய மொழியில் புல் அறுக்கிறவனுக்கும் அதே பெயர்தான்.

"எந்தக் கோசெத்ஸ்? நம்ம புல் அறுக்கிற இசிதோர்தானே? அவனை யாரு வரச் சொன்னது?" என்று லுத்விக் குரல் செய்தி அனுப்பினார்.

"என் புல்லுல கை வச்சான்னா தெரியும் சேதி" என்றாள் சில்கா.

செர்க்னிகா ஏரிக்கரையில் நாடா நாடாவாகக் கிடக்கும் அந்தப் புல்வெளியில் ஊரில் பாதிப் பேருக்குத் துண்டு இருந்தது. குஞ்சுகள் பிழைக்க வேண்டுமானால் அத்தனை பேரும் அறுப்பைத் தள்ளிப்போட வேண்டும். பறவைகள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ததேயாவுக்கு இதுதான் முதல் பொறுப்பு. தலைநகரில் உட்கார்ந்தபடியே எல்லாரையும் இணையத்தில் கோத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"போன வருஷம் வீடு வீடா போய்க் கேட்டு, காபி குடிச்சு என் வயிறுதான் கெட்டுது. உன் வழியையும் பாப்போம்" என்றார் அவளுடைய மேலாளர் போகோமிர்.

குழப்பம் தீர, பறவையின் படத்தைப் போட்டாள். பதிலுக்குச் சில்கா தன் வாத்தின் படத்தைப் போட்டாள். வாத்துக்கு இதயங்கள் மளமளவென்று விழுந்தன.

பேச்சை நிலத்துக்குத் திருப்ப, இணைய வரைபடம் ஒன்றைப் பகிர்ந்தாள். ஆளுக்கொரு நிறம். தன் நிறத்தைத் தொட்டால் 'தாமதமாக அறுக்கிறேன்' என்று சம்மதித்ததாகப் பதிவாகும். நிறத்தை யாரும் தொடவில்லை. நிறங்களுக்கு நடுவே இருந்த கோட்டைத்தான் பார்த்தார்கள்.

"ததேயா, என் மஞ்சளுக்குள்ள லுத்விக்கோட பச்சை ரெண்டு எட்டு வந்திருக்கே" என்றாள் சில்கா.

"படம் சரியாத்தான் இருக்கு. உங்கப்பா நகர்த்தி வச்ச எல்லைக்கல்லுதான் தப்பு" என்றார் லுத்விக்.

"அது தோராயமான கோடுங்க. பறவைக்காகப் போட்டது" என்று கெஞ்சினாள் ததேயா.

"பறவைக்கு எதுக்கும்மா படம்? அதுக்கு வழி தெரியாதா?" என்றாள் சில்கா.

முகம் பார்த்தால் தணிவார்கள் என்று காணொளிக் கூட்டம் வைத்தாள். லுத்விக்குக் கணினியில் தன் குரலை நிறுத்தத் தெரியவில்லை. "மஞ்சக்காரி பவுடர் எல்லாம் பூசிட்டு வந்திருக்கா. நிலத்தைத் திருடப் போற மூஞ்சியைப் பாரு" என்று மனைவியிடம் அவர் சொன்னது ஊர் முழுக்கக் கேட்டது.

சில்கா அந்தக் கணமே கூட்டத்தையும் குழுவையும் விட்டு வெளியேறினாள். அவள் உறவுக்காரர்கள் வரிசையாகப் பின்னால் போனார்கள். லுத்விக்கின் ஆட்கள் தனிக் குழு தொடங்கிப் பிரிந்தார்கள். 'புல்வெளி நண்பர்கள்' குழுவில் கடைசியில் மிஞ்சியது ததேயாவும், எண் தவறிச் சேர்ந்துவிட்ட ஒரு பல் மருத்துவரும்தான்.

அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். எடுத்தவர்கள் பறவையைப் பற்றிப் பேசவில்லை. நல்ல வக்கீல் யாராவது தெரியுமா என்று விசாரித்தார்கள்.

ஜூலையும் அப்படியே கழிந்தது. இந்நேரம் புல் எல்லாம் அறுபட்டு, கூடுகள் நசுங்கிப் போயிருக்கும் என்று அவளுக்கு இரவில் தூக்கம் வரவில்லை. ஆகஸ்டு பிறந்ததும், வேலையை விட்டுவிடலாம் என்ற முடிவோடு, ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வரப் பேருந்து ஏறினாள்.

புல் இடுப்பளவுக்கு நின்றது. அதன் ஓரமாக ஒரு தாய்ப்பறவையும், பின்னாலேயே கரிய பஞ்சு உருண்டைகள் மாதிரி குஞ்சுகளும் ஓடி மறைந்தன. அசையாத டிராக்டர் மேல் உட்கார்ந்து இசிதோர் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னும் அறுக்கலையா?"

"எங்கங்க அறுக்க விட்டாங்க? எல்லைச் சண்டை தீராம ஒரு புல்லைத் தொட்டாலும் கோர்ட்டுக்கு இழுப்பேன்னு ஆளாளுக்கு மிரட்டுறாங்க. எந்தப் புண்ணியவானோ போன்ல ஒரு படத்தைப் போட்டு, இந்த வருஷம் என் பொழப்பையே கெடுத்துட்டான்."