அக்காவின் கைப்பையை ஒளித்த நாள்

வாயால் பேச வெட்கப்படுகிறவன் கையால் ஏதாவது செய்துவிடுவான். பேசுகிறவனைவிட அவன்தான் ஆபத்தானவன். அடுத்தவரைப் பார்த்து இதைச் சொல்லவில்லை.

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு சைக்கிள் கடை. படிப்பு ஐந்தாவது வரைக்கும். (அதிலும் பாதி நாள், 'உள்ளேன் ஐயா' சொல்லக் கூச்சப்பட்டு ஆப்சென்ட் ஆனவன்.) தொண்ணூறுகளின் நடுவில், மலேசியாவில் பிறந்து வளர்ந்த என் பெரியப்பா மகள் சரோஜா அக்காவும் அவள் வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. அவர்கள் பார்த்த முதல் வெளிநாடு, எங்கள் ஓட்டு வீடு.

பத்து நாள் இருந்தார்கள். மாமல்லபுரம் போனோம், முட்டுக்காட்டில் படகு ஏறினோம். வேடந்தாங்கலுக்கும் கூட்டிப்போனேன். மே மாதம், ஏரியில் தண்ணியும் இல்லை, பறவையும் இல்லை. "பறவைங்க எங்க மச்சான்?" என்று மாமா கேட்டார். 'அதுங்களும் வெளிநாடு போயிருக்கு' என்று ஒரு நல்ல பதில் தோன்றியது. அதைச் சொல்லத் தைரியம் வருவதற்குள் பஸ் செங்கல்பட்டு வந்துவிட்டது.

கிளம்புகிற நாள் வந்தது. விமானம் மத்தியானம். ராத்திரி ஊர் சேர்ந்தால், மறுநாள் காலையில் மகனுடைய பட்டமளிப்பு விழா. அந்தத் தோட்டத்து வீடுகளிலேயே முதல் பட்டதாரி அவன். விழாவுக்கென்று வாங்கிய காஞ்சிபுரம் பட்டுப் புடவையை அக்கா தினமும் ஒருமுறை பிரித்துப் பார்த்து மடித்து வைப்பாள்.

எனக்கோ அவர்களை அனுப்ப மனசில்லை. எங்கள் பக்கம் விருந்தாளியை லேசில் விடமாட்டார்கள். "ஒரு வேளை துன்னுட்டுதான் போவணும்" என்று மல்லுக்கு நிற்பார்கள். செருப்பை ஒளிப்பார்கள், பையைப் பிடுங்கி உள்ளே வைப்பார்கள். மல்லுக்கு நிற்க எனக்கு வாய் கிடையாது. அதனால் பையை ஒளிக்க முடிவு செய்தேன். சீக்கிரமாக ஒரு வாய் சாப்பாடு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பதாகத் திட்டம். பெட்டிகள் கனமாக இருந்தன. அக்காவின் சின்னக் கைப்பையை எடுத்து, வாசலில் நின்ற நண்பன் மணியின் ஆட்டோவில், பின்சீட்டுக்குப் பின்னால் சொருகினேன். மணியிடம் சொல்லவில்லை. (சொன்னால் பேச வேண்டுமே.)

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஆட்டோ இல்லை. மாமல்லபுரத்துக்குச் சவாரி கிடைத்துப் போய்விட்டானாம்.

உள்ளே ஒரே அமளி. "பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு எல்லாம் அதுலதான் லா இருக்கு!" என்று தன் ஊர் 'லா'வோடு மாமா கட்டிலைப் புரட்டினார். அக்கா அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். அரை மணி நேரம் மும்முரமாகத் தேடினேன். பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கூடப் பார்த்தேன்.

கடைசியில் அடுப்படிக்குப் போய் மனைவியின் காதில் சொன்னேன்.

"இன்னாது, ஆட்டோலயா?" அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "பத்து நாளா வாயத் தொறக்கல. இப்ப தொறந்து இன்னா சொல்லிகினு கீறாரு பாரு!"

பஸ் பிடித்து மாமல்லபுரம் ஓடினேன். கடற்கரைக் கோயில் பக்கத்தில் ஒரு மரத்தடியில் மணி ஆட்டோவுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தான், என் அக்காவின் கைப்பைக்கு முன்னால் காலை நீட்டி.

"ஏன் அண்ணாத்த, எங்கைல ஒரு வார்த்த சொன்னா இன்னா?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். வீட்டுக்கு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது விமானம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்தது எத்தனை நிமிஷத்தில் என்று கேட்க இருந்தேன். (பஸ் நிலையத்துப் புத்தி.) நான்கு நாள் கழித்துத்தான் இடம் இருந்தது.

அக்கா திட்டவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து, "போவாதக்கான்னு வாயால ஒருவாட்டி சொல்லியிருக்கலாமே தம்பி. கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு" என்றாள். 'மன்னிச்சிடுக்கா' என்பது என் தொண்டை வரை வந்தது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அந்த நான்கு நாளும் வீட்டில் விருந்துதான். யாருக்கும் இறங்கவில்லை.

ரெண்டு மாதம் கழித்துத் தபாலில் ஒரு போட்டோ வந்தது. கறுப்பு அங்கியில் மருமகன் நிற்கிறான். அவனுக்கு முன்னால் இரண்டு காலி நாற்காலிகள். அப்பாவும் அம்மாவும் உட்கார வேண்டியவை. அந்த நாற்காலிகளை எடுக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமா நாற்காலிகளைக் காட்டுவாராம். "இது செங்கல்பட்டு மச்சான். பக்கத்துல அவன் பொண்டாட்டி." (பாவம், அவள் என்ன செய்தாள்?)

போன மாதம் மருமகனின் ஐந்து வயது மகள் போனில் வந்தாள்.

"தாத்தா, உங்கள நான் படத்துல, நாற்காலில பாத்திருக்கேன். நீங்க ரொம்ப ஒல்லி."

"ஆமா கண்ணு" என்று சொல்லிவிட்டு, போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.