வளையத்துக்குள் மீட்டர்

ஆண்டாளின் கை வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. காது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. செஞ்சி மலையடிவாரத்தில், அவள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில், விஞ்ஞானி பாலசுப்பிரமணியன் வளையமான குழாய் ஒன்றுக்குள் குட்டிச் சூரியன் செய்துகொண்டிருந்தார். அவள் புருஷன் ஜெயராமன் கரண்ட் ஆபீசில் ஏழு வருஷமாகத் தற்காலிக மீட்டர் ரீடர். குழாய்க்குள் ஓடும் கரண்ட் நடுவில் எவ்வளவு, ஓரத்தில் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வேலையே இல்லை என்று உத்தரவாகியிருந்தது.

கரண்ட் ஆபீஸ் அதிகாரி தனகோட்டி நேரில் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“உள்ள மீட்டர் எங்கய்யா?”

“சார், உள்ள இருக்கறது கொதிக்கிற வாயு. மீட்டர் வச்சா ஆவியாப் போயிடும்,” என்றார் விஞ்ஞானி. “அதனால வெளியிலேருந்து ஒரு அலை அனுப்பறோம். சுருதியை ஏத்திக்கிட்டே போனா, ஒவ்வொரு சுருதிக்கும் உள்ள ஒரு இடம் கூடவே சேந்து அதிரும். எதுக்கு எது அதிருதுன்னு பாத்து, எங்க எவ்வளவு கரண்ட்டுன்னு சொல்லிடலாம்.”

தனகோட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“அந்த அலை நம்ம இலாகாவா?”

“இல்ல சார்.”

“தென்னார்க்காடு ஜில்லாவுல விலாசம் உண்டா?”

“அலைக்கு ஏது சார் விலாசம்?”

“விலாசமில்லாத ஒண்ணு, சர்க்கார் மீட்டரே நுழைய முடியாத இடத்துல அனுமதியில்லாம பூந்து வந்து வாக்குமூலம் குடுக்குது. அதை நான் மேலிடத்துக்கு அனுப்பணுமா?”

ஜெயராமன் கையைப் பிசைந்தான். “இன்னா சார் பண்றது? புள்ளகுட்டிக்காரன் சார்.”

தனகோட்டிக்கு மனம் இளகிற்று. “மீட்டரை வாசல்ல மாட்டு. கம்பியெல்லாம் வேணாம். கண்ணால பாத்ததை எழுது.”

மாட்டினான். நடுவில் சைபர். ஓரத்தில் சைபர்.

“அடடா, எவ்வளவு ஒழுங்கான கரண்ட்!” என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார் தனகோட்டி. ஜெயராமன் நிரந்தரமானான். ஆண்டாள் பாயசம் வைத்தாள்.

பிறகு கடைவீதியில் அதுவே நாகரிகமாகிவிட்டது. கம்பி தொடாத மீட்டர் வாசலில் தொங்காத வீடு மரியாதையான வீடே இல்லை. “ஜெயராமா, நம்ம கடைக்கும் ஒண்ணு மாட்டுப்பா,” என்று ஜவுளிக்கடை சாந்த் பாஷா ஆள் மேல் ஆள் அனுப்பினார். வீட்டுக்கு வீடு சைபர், வீட்டுக்கு வீடு கையெழுத்து. ஆண்டாளும் போட்டாள்.

மூன்றாம் மாதம் மேலிடம் உத்தரவு போட்டது: “மேற்படி ஊரில் மின்சாரத்தை எவரும் உபயோகிக்காத காரணத்தால் லைன் துண்டிக்கப்படுகிறது.” ரைஸ்மில் நின்றது. குட்டிச் சூரியன் அணைந்தது. தனகோட்டியின் தலைக்கு மேல் ஃபேன் நின்றது.

ஊரே மனுப் போட்டது. பதிலும் வந்தது: “கரண்ட் இருந்ததில்லை என்பதற்குத் தங்கள் கையெழுத்துகளே சாட்சி. இல்லாத கரண்ட்டுக்கு மீட்டர் ரீடரும் அவசியமில்லை.”

ஜெயராமன் அந்தக் காகிதத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தான். பின்னாலேயே தனகோட்டியும் கடைவீதியும்.

“உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குமாமே,” என்றார் தனகோட்டி, ஆண்டாளிடம். “நாங்க எழுதினது பொய்னு ஒரு மனு எழுதும்மா. லைனும் வந்துடும், உன் வீட்டுக்காரனுக்கு வேலையும் வந்துடும்.”

வெளியாள் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள், குனிந்த தலை நிமிராமல் எழுதி முடித்தாள். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினாள். வாங்க ஒரு கையும் வரவில்லை. அத்தனை பேரும் அண்ணாந்து மலைமேல் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புதிதாக நேற்றுதான் கட்டியதுபோல.

“ஆண்டாளு!” பக்கத்து வீட்டு மெஹபூப் பீ கத்தினாள். “உன் பொண்ணு கெணத்தாண்ட போவுது, ஓடியா!”

“தோ வந்துட்டேன் அக்கா!” என்று எழுந்தவளுக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. “பொய் எழுதனவங்க எல்லாம் வரிசையா நில்லுங்க. மொதல்ல பெரிய ஆபீசரு, அவருக்குப் பின்னால எங்க வீட்டுக்காரரு, அப்பறம் கடைவீதி, கடைசில நானு. பொண்ணத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள உங்க கையெழுத்தெல்லாம் விழுந்திருக்கணும்!”