கிதாரின் கறுப்பு பனியன்

ராயபுரத்தில் மோப்பம் நைனாவின் மூக்குப் படாத பொருள் ஒன்றுகூட இருந்ததில்லை. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவரை நேரில் பார்க்காதவர்கள். பார்த்திருந்தால் அவர்களுடைய மூக்குக்கண்ணாடியையும் கழற்றி வாங்கி, கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்திருப்பார்.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. எங்கள் தெருமுனையில் நைனாவின் கடை. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு குடை, அவ்வளவுதான். சீப்பு, கண்ணாடிச் சட்டம், பேனா என்று உடைந்ததை ஒட்டுவார், மங்கியதைப் பளபளப்பாக்குவார். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அவர் மனைவியே அதை மறந்துவிட்டதாகக் கேள்வி.

அவருடைய சாஸ்திரம் சின்னது. தேய்த்தால் சூடாகும், சூடானால் வாசனை வரும், வாசனை பொய் சொல்லாது. கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. ஆஸ்பத்திரி வாசனை வந்தால் பேக்கலைட். புளித்த பால் வாசனை வந்தால் பாலைத் திரித்துச் செய்த சரக்கு. ஒருநாள் பாரிமுனை பஸ்ஸில் முன் சீட்டுப் பெரியவரின் குடைக் கைப்பிடியைத் தேய்த்து மோந்துவிட்டு, "பாலு!" என்று கத்தினார். பாலு என்று யாரோ தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். பெரியவர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே இறங்கிப் போய்விட்டார்.

செல்லுலாய்டு மட்டும் அவருக்கு ஜன்மப் பகை. பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். ஒருமுறை சீப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் எவனோ பீடி பற்றவைத்ததில், பெட்டியோடு நைனாவின் வலது புருவத்தில் பாதியும் போய்விட்டது. அது திரும்ப முளைக்கவே இல்லை. கற்பூர வாசனை வந்தால் நமக்கெல்லாம் கோயில் ஞாபகம் வரும், அவருக்கு ஃபயர் என்ஜின் ஞாபகம் வரும்.

தண்டையார்பேட்டையில் ஒரு பெண் பார்க்கும் இடத்துக்கு அவரையும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக அழைத்துப் போனார்கள். புத்தி கெட்ட காரியம். பெண் குனிந்து காப்பி நீட்டியபோது அவள் கொண்டை ஊசியை இவர் சட்டென்று உருவினார். தேய்த்தார். மோந்தார். எழுந்து நின்று, "யம்மாடி, நீ அடுப்பாண்ட போவாத! தல பத்திக்கும்!" என்று அலறினார். பெண்ணுக்கு ஜாதகக் கோளாறு என்று மாப்பிள்ளை வீடும், சமைக்கத் தெரியாதவள் என்று பழி போடுகிறார்கள் என்று பெண் வீடும் எடுத்துக்கொண்டு, சமாதானம் ஆவதற்குள் இருட்டிவிட்டது. கல்யாணம் நடந்தது. நைனாவுக்குப் பத்திரிகை மட்டும் வரவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் தேவராஜின் வாழ்க்கை போய்ச் சிக்கியது.

தேவராஜ் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. கல்யாண பேண்டில் கிதார் வாசிப்பான். ஒரு கப்பல்காரனிடமிருந்து எப்படியோ ஒரு மின்சார கிதாரை வாங்கிவிட்டான். தெருவே அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வயிற்றில் ஓட்டையே இல்லாத கிதார். தந்திகளுக்குக் கீழே, விரலும் தந்தியை மீட்டுகிற வில்லையும் பட்டு மரத்தில் கீறல் விழாமல் இருக்க, கறுப்பாக ஒரு தகட்டைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார்கள். அதற்குப் பெயர் தெரியாததால் பனியன் என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

அந்த பனியன்தான் பிரச்சினை. எத்தனை துறைமுகத்து வியர்வையோ, எவன் தலை எண்ணெயோ, கப்பல் கரியோ, எல்லாம் படிந்து பிசுபிசுவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, பட்டணத்து ஹோட்டல் ஒன்றின் பேண்ட் மாஸ்டர் அவன் வாசிப்பைக் கேட்க வருவதாக இருந்தது. அந்த மனிதர் வாத்தியத்தை முதலில் விரலால் தடவிப் பார்ப்பாராம். விரலில் அழுக்கு ஒட்டினால் கேட்காமலே கிளம்பிவிடுவாராம். இந்த வேலை கிடைத்தால் கிதார். கிடைக்காவிட்டால் மறுநாள் காலை மீஞ்சூரில் மாமாவின் அரிசி மண்டி. மாமா நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை டீக்கடை பெஞ்சில் கிதாரைக் கிடத்தி ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். நான் பெட்ரோல் என்றேன். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் கபாலி ஒரு டப்பா தின்னரோடு வந்துவிட்டான். துணியை அதில் முக்கிவிட்டான்.

"டேய்! கைய எடுறா!"

நைனா ஓடிவந்தார். குனிந்தார், பனியனைத் தேய்த்தார், மோந்தார். அரைப் புருவம் ஏறியது.

"கற்பூரம்! சுத்தமான செல்லுலாய்டு! தின்னரு பட்டா கூழாப் பூடும்டா, கஸ்மாலம்! எவன்டா பீடி குடிக்கிறவன்? அணை! அந்தோணி, அடுப்ப அணை!"

டீக்கடை அந்தோணி அண்ணாச்சி நாசரேத் பக்கத்துக்காரர். "என்ன வே, அடுப்ப அணைச்சிட்டு டீய எம் தலையிலயா போட?" என்றார். நைனா ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றிவிட்டார். தெரு முழுக்கப் புகை. ஞாயிற்றுக்கிழமை காலை டீ இல்லாத ராயபுரத்தை நீங்கள் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம்.

புகையைப் பார்த்து தேவராஜின் அம்மா அம்சாக்கா வெளியே வந்தார். விஷயம் கேட்டார்.

"கற்பூர வாசனையா? இன்னா நைனா, அது நான் சுத்திப் போட்டது. ஊர்க் கண்ணெல்லாம் அது மேலதான கீது? காலைல பெரிய கட்டியா கொளுத்தி, அது நெஞ்சாண்ட மூணு சுத்து சுத்தினேன்."

நைனா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். முதலில், செல்லுலாய்டுக்கு நெஞ்சருகே நெருப்பைக் காட்டியிருக்கிறாளே என்ற பயம். அடுத்த நொடி வேறு ஒரு பயம் முகத்தில் வந்தது. தான் மோந்தது தகட்டையா, அம்சாக்காவின் கற்பூரத்தையா?

கபாலி சிரித்தான். அந்தோணி அண்ணாச்சி அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "வாசனை பொய் சொல்லாதோ?" என்றார். தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "நைனா, சாயங்காலம் அவரு வந்துடுவாரு நைனா" என்றான்.

நைனா நினைத்திருந்தால் சொன்னதையே சாதித்திருக்கலாம். எதிர்த்துப் பேச எங்களுக்கு என்ன தெரியும்? அவர் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்துக்கு நேராகவே துணியில் வைத்தார். தகட்டைத் திருப்பினார். கற்பூரப் புகை போகாத அடிப்பக்கத்தைத் தேய்த்தார், தேய்த்தார், கட்டைவிரல் சிவக்கத் தேய்த்தார். மோந்து பார்த்தார். எங்கள் ஒவ்வொருவர் மூக்கிலும் வைத்துக் காட்டினார். ஆஸ்பத்திரியேதான்.

"பேக்கலைட்டு" என்றார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, "நான் சொன்னது தப்பு! எம்மூக்கு தப்பு!" என்று கத்தினார். அவருடைய சரித்திரத்தில் முதல் தடவை. கத்தியவர் நேரே போய் அந்தோணி அண்ணாச்சியின் அடுப்பிலிருந்த ஈரக்கரியை அள்ளி வெளியே போட்டு, புதுக்கரி நிரப்பி, தானே ஊதி ஊதிப் பற்றவைத்தார்.

"அப்ப தின்னரு ஊத்திரலாமா?" என்றான் கபாலி, விடாமல்.

"டேய், மேல வார்னிஷ் அடிச்சிக்கீது. அது உரிஞ்சிகினு பூட்டா அப்புறம் இன்னா பண்ணுவ? வெதுவெதுன்னு தண்ணி கொண்டா. சொட்டு சோப்பு. அது போதும்."

தன் வேட்டி முனையையே கிழித்துக்கொண்டார். நனைப்பார், இறுகப் பிழிவார், ஒரு விரல் அகலம் துடைப்பார், உடனே காய்ந்த துணியால் ஒற்றுவார். அவசரப்பட்டு தேவராஜ் கை நீட்டினால் தட்டிவிடுவார். அண்ணாச்சி போட்ட முதல் டீ பக்கத்தில் ஆறிப்போனது, தொடவில்லை. அழுக்குக்கு அடியிலிருந்து கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் அதில் எங்கள் முகம் தெரிந்தது. நைனா தன் அரைப் புருவத்தையும் அதில் பார்த்துக்கொண்டார்.

மாலை பேண்ட் மாஸ்டர் வந்தார். விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு குனிந்து, பனியனில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். அண்ணாச்சி கடை ரேடியோவோடு கிதாரை ஒயரால் இணைத்து தேவராஜ் வாசித்தான். முதல் சத்தம் கிளம்பியதும் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. அப்புறம் தெருவே அசையவில்லை. முடிந்ததும் மாஸ்டர், "நாளைக்கு வந்துடு. இதே மாதிரி துடைச்சி எடுத்துகினு வா" என்றார்.

அம்சாக்கா அங்கேயே அழுதுவிட்டார். உடனே உள்ளே ஓடி, மகனுக்குச் சுற்றிப் போட ஒரு கற்பூரக் கட்டியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். "யம்மா, அணை!" என்று அலறிக்கொண்டு நைனா வாளியைத் தேடி ஓடினார்.

"நைனா, அது பேக்கலைட்டுதான!" என்று தேவராஜ் சிரித்தான்.

"கிட்டாருக்கு ஒண்ணும் ஆவாதுடா. உன் பாக்கெட்ல சீப்பு கீதே!"

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கற்பூரம் ஏற்றினால் நான் வாசலைத்தான் பார்க்கிறேன். நைனா ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்து, என் தலையிலேயே ஊற்றினாலும் சந்தோஷமாக நனைவேன்.