கிறகோரியின் பத்து நாள் கணக்கு

மனைவி யசிந்தாவை விமானம் ஏறவிடுவதில்லை என்று கிறகோரி முடிவெடுத்தார். நேரம் காலை ஆறரை. இடம், குருநகரில் அவருடைய குசினி. காரணம், இரண்டு கோப்பைத் தேத்தண்ணி.

அன்று யசிந்தா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக் கத்தரீனாவோடு மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள். நாலு நாள் என்று போனவள் ஐந்தாம் நாளும் வரவில்லை. பஸ்ஸில் சனமாம், ஒரு நாள் பிந்துமாம். கிறகோரி பழக்கத்தில் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டார். ஒன்றைக் குடித்தார். மற்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது ஆறிப்போனது. பிறகு அதையும் குடித்தார். ஆறின தேத்தண்ணியை விடக் கேவலமானது உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. "ஏன் ஆறவிட்டனீங்கள்?" என்று ஏச ஆளில்லாத வீடு.

ஐந்து நாளுக்கே இப்படி. மூன்று மாதத்துக்கு?

ஆம், மூன்று மாதம். அவர்களுடைய ஒரே மகள் ஜெயனி உகண்டாவில் இருக்கிறாள். புருசனுக்கு அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. தலைப்பிள்ளைக்கு ஒக்டோபர் கடைசியில் நாள் குறித்திருக்கிறது. தாய்க்காரி பக்கத்தில் நிற்கவேண்டாமா? செப்டம்பர் முப்பதாம் திகதி யசிந்தாவுக்கு விமானம்.

"ரண்டு பேரும் வாங்கோ" என்றுதான் ஜெயனி முதலில் கேட்டாள். அந்த நாட்டுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போடவேணும் என்று மருமகன் சொன்ன அடுத்த நொடி கிறகோரி போனை யசிந்தாவின் கையில் திணித்தார்.

"ஊசி குத்தி ஒரு நாட்டைப் பாக்கிற அளவுக்கு எனக்கு விசர் இல்லை. நான் நிண்டு வீட்டைப் பாக்கிறன்."

வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பூனை. அதுவும் கத்தரீனா வீட்டுப் பூனை.

ஒளிக்காமல் சொன்னால் ஆளுக்கு ஊசி என்றால் பயம். படகு எஞ்சின் திருத்துகிறவர். நடுக்கடலில் எஞ்சின் நின்று இரண்டு நாள் அலையோடு கிடந்துவிட்டு வந்து, மூன்றாம் நாள் அதே எஞ்சினைக் கழற்றிய மனிசன். அதே மனிசன் கொரோனா ஊசிக்குப் போனபோது, ஊசி போடுகிற மிஸி பஞ்சைத் தொட்டதுமே கண்ணை மூடிக்கொண்டு "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். யசிந்தா அவருடைய நாடியைப் பிடித்து முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கோயில் மண்டபத்தில் வைத்துத்தான் ஊசி போட்டார்கள். பார்க்காத ஆள் இல்லை.

ஆனால் மருமகன் சொன்னதில் இன்னொன்று அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முதலே போட்டிருக்கவேணும். போட்டால் ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள். அட்டை இல்லையோ, விமானமும் இல்லை. ஊசி போடுவதும் கொழும்பில்தான்.

கிறகோரி கலண்டரை எடுத்தார். முப்பதில் பத்துப் போனால் இருபது. வட்டம் போட்டால் பிடிபடும். செப்டம்பர் இருபதில் பென்சிலால் ஒரு சின்னப் பொட்டு மட்டும் வைத்தார். அந்தப் பொட்டுத் தாண்டும்வரை இழுத்தடித்தால் போதும். மனிசி வீட்டில்.

அடுத்த நாள் பின்னேரம் யசிந்தா வந்தாள். வந்ததும் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"தலையிடியோ?"

"ரண்டு நாளா."

"நான் போய் மூண்டாம் நாள் தொடங்கியிருக்கும். எனக்குத் தெரியும்." தைலப் போத்தலை எடுத்து நீட்டினாள். நீட்டும்போது இடது கையைத் தூக்காமல் பிடித்திருந்தாள்.

"கைக்கு என்ன?"

"பஸ்ஸிலை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது."

கிறகோரிக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. தன் தலையிடியை மறந்து அவளுடைய கைக்குத் தைலம் பூசித் தேய்த்தார். மூன்று நாள், காலையும் மாலையும். மனதுக்குள் சதி, கையில் தைலம். சில ஆம்பிளைகள் அப்படித்தான்.

செப்டம்பர் மூன்றாம் திகதி யசிந்தா தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ, ஊசி அலுவலா ரண்டு பேரும் கொழும்புக்கு ஒருக்காப் போவமே?"

"இந்தக் கிழமையோ? லெனாட்டின்ரை எஞ்சின் கழட்டினபடி கிடக்கு. பாவம், தொழிலுக்குப் போகேலாம நிக்கிறான்."

பத்தாம் திகதி.

"லெனாட் கடலுக்குப் போயிட்டான். கண்டனான். இனிப் போவமே?"

"எமில்ராஜின்ரை தேப்பனுக்கு முப்பத்தொண்டாம் நாள் பூசை. செத்த வீட்டுக்காரரை விட்டிட்டுப் பயணம் போனா ஊர் என்ன கதைக்கும்?"

"அந்தாளுக்கு முப்பத்தொண்டு போன கிழமையே முடிஞ்சுது. நீங்கள்தானே ரண்டு தரம் பிரியாணி வாங்கித் திண்டனீங்கள்."

"அது... அப்ப நாப்பதாம் நாள்."

"எங்கடை சனத்துக்கு எப்பையிலிருந்து நாப்பது?"

"எமில்ராஜுக்குத் தேப்பனிலை பாசம் கூட."

யசிந்தா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பதினாறாம் திகதி கேட்டபோது கிறகோரிக்கு முழங்கால் நோ. பத்தொன்பதாம் திகதி கேட்டபோது நோ மற்ற முழங்காலுக்கு மாறியிருந்தது.

"கடைசியாக் கேக்கிறன். ரண்டு பேரும் போவமோ, இல்லையோ?"

"காலை மடக்கேலாதடியப்பா. பஸ்ஸிலை எப்பிடி இருக்கிறது?"

"சரி" என்றாள் யசிந்தா. அந்தச் சரியில் ஏதோ ஒன்று மூடிக்கொண்ட சத்தம் இருந்தது. கிறகோரிக்கு அது கேட்கவில்லை. அவருக்குக் கலண்டர்ப் பொட்டுத்தான் தெரிந்தது.

இருபத்தொராம் திகதி அவர் துள்ளிக்கொண்டு கரைக்குப் போய், இரண்டு முழங்காலும் நன்றாக மடங்க, பெரிய நண்டாகப் பார்த்து வாங்கிவந்தார். மத்தியானம் சாப்பிடும்போது முகத்தைத் தொங்கப் போட்டார்.

"ஐயோ யசிந்தா! முப்பதிலையிருந்து பத்து நாள்... நேற்றோடை கணக்குத் தப்பிப் போச்சே!"

"ஆருக்கு?" நண்டுக் காலை உடைத்தபடி கேட்டாள்.

"உனக்குத்தான். ஊசி போடேல்லை, அட்டை இல்லை. என்ன செய்யிறது, மாதாவின்ரை சித்தம். ஜெயனிக்கு நான் சொல்லிறன்."

யசிந்தா எழும்பிக் கை கழுவினாள். அறைக்குள் போனாள். ஒரு மஞ்சள் அட்டையைக் கொண்டுவந்து நண்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆகஸ்ட் பதினெட்டு என்று போட்டிருந்தது.

கிறகோரி பார்த்தார். இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்த அதே நாள்.

"நீ மடுவுக்கெல்லே போனனீ?"

"மடுவுக்கும் போனன். மாதாவிட்டைக் கேட்டுப்போட்டு நானும் கத்தரீனாவும் அப்பிடியே கொழும்பு பஸ் ஏறினனாங்கள். ஊசியும் போட்டு, நுளம்புக் காய்ச்சலுக்குக் குளிசையும் எழுதி வாங்கியாச்சு."

"அப்ப உந்தக் கை? நான் தேய்ச்ச கை?"

"ஓம். அந்தக் கைதான்."

"எல்லாம் முடிஞ்சுதெண்டா, பிறகேன் கொழும்புக்குப் போவம், போவம் எண்டு நாலு தரம் கேட்டனீ?"

யசிந்தா மற்ற நண்டுக் காலை எடுத்தாள்.

"ரண்டு பேரும் எண்டுதானே கேட்டனான். ஊசி போடாத மற்ற ஆள் ஆர்?"

கிறகோரியின் கையிலிருந்த நண்டு அப்படியே நின்றது. அவர் ஒரு மாதமாகக் கட்டிய கணக்கில் மாட்டியது அவர் மட்டும்தான்.

முப்பதாம் திகதி வான் வந்தது. யசிந்தா படலையடியில் நின்று சோறு, பூனை, காஸ் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிறகோரி எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். "நானும் வாறன்" என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லி என்ன? நாள் போய்விட்டது. வான் திரும்பி மறைந்த பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தரீனா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவர் படலைக் கொளுக்கியைத் திருத்துவதுபோல் நடித்தார். கொளுக்கியில் ஒரு பழுதும் இல்லை.

வீடு என்றால் அப்படியொரு வீடு. காகம் கத்தினாலும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழும்பினார். ரேடியோவைப் போட்டார், அது அவரைக் கேட்காமல் தானே கதைத்தது. "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று வெறுங் கதிரையைப் பார்த்து ஒருக்கால் கேட்டும்விட்டார். ஒரு கோப்பை மட்டும் ஊற்றவேணும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பார். ஒவ்வொரு காலையும் இரண்டு ஊற்றுவார்.

மூன்றாம் நாள் தலையிடி வந்தது. தைலம் எடுக்க அலுமாரியைத் திறந்தார். போத்தலுக்குக் கீழே ஒரு கடித உறை. உள்ளே அவருடைய பெயரில் ஒரு விமான ரிக்கற், ஒக்டோபர் பதினாறு. கூடவே யசிந்தாவின் எழுத்து.

"மூன்றாம் நாள் உங்களுக்குத் தலையிடி வரும். நீங்கள் இழுத்தடிப்பீர்கள் என்றும் தெரியும். அதனால்தான் உங்கடை ரிக்கற்றைப் பிந்திப் போடச் சொல்லி மருமகனிடம் முதலே சொன்னேன். ஆறாம் திகதிக்குள் ஊசி போட்டால் கணக்குச் சரி. வேளாங்கண்ணிக்கு எடுத்த பாஸ்போட் இதே தட்டில் இருக்கிறது. நாடியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்."

கிறகோரி அதை மூன்று தரம் வாசித்தார். அழுதாரா என்று கேட்டால், தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றுதான் சொல்லுவார். போத்தலை இன்னும் திறக்கவில்லை.

ஐந்தாம் திகதியே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தார். ஆறாம் திகதி காலை ஊசி போடும் இடத்தில் உட்காரும் வாங்கு நிறையச் சோடி சோடியாகச் சனம்.

"கூட ஆரும் வரேல்லையோ ஐயா?" என்று மிஸி கேட்டாள்.

"இல்லை. அவ முதலே போட்டிட்டா."

வலது கையால் தன் நாடியைத் தானே பிடித்து மற்றப் பக்கம் திருப்பினார். கண்ணை மூடவில்லை. மூடினால், பிடித்திருப்பது அவளுடைய கையல்ல, தன் கைதான் என்று இன்னும் நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் காலை வீட்டில் இடது கை கடுத்தது. தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுத் தைலத்தைப் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. யசிந்தாதான்.

"போட்டிட்டன்" என்றார், படையை வென்ற ராசாவைப்போல. "தைலம் தேய்ச்சுக்கொண்டிருக்கிறன்."

"ஐயோ, தேய்க்காதேங்கோ! ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கப்படாது எண்டு எனக்கு அண்டைக்கே மிஸி சொன்னவ."

"அப்ப நான் உனக்கு மூண்டு நாள் தேய்ச்சது?"

"வீங்கினது."

"ஏனடி சொல்லேல்லை?"



"சொன்னா நிப்பாட்டிப் போடுவியள் எல்லே."

கிறகோரி போத்தலை மூடினார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சரி, வைக்கிறன்" என்றாள் யசிந்தா. "மற்றக் கோப்பையும் ஆறப்போகுது. குடியுங்கோ."