செல்ஃப் எடுக்காத பிக்கப்

யார் வந்து கேட்டாலும் என் பிக்கப்பை விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு என்னுடையது. விற்கிற வேலை என் மனைவியுடையது.

கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் வந்த வண்டி அது. பழைய இரும்பு ஏற்றி, அடிபட்டு, மிதிபட்டு நான் ஆளானது அதில்தான். அவளுக்கோ அது நிற்கிற ஷெட்டில் தையல் மிஷின் போட வேண்டும். வாங்குவதற்கு ஒரு தச்சரையும் பிடித்துவிட்டாள்.

சண்டை போட்டால் தோற்பேன். அனுபவம் இருக்கிறது. ஆகவே அவர் வருவதற்குள் வண்டிக்கடியில் புகுந்து, செல்ஃப் மோட்டாருக்குப் போகிற சின்ன ஒயரை உருவிவிட்டேன். கிளம்பாத வண்டியை எவன் வாங்குவான்?

மனைவி சாவியைத் திருப்பினாள். 'டொக்' என்றுகூட இல்லை.

"என்னங்க, செல்ஃப் எடுக்கல."

"பேட்டரி போயிருக்கும்."

ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

"ஹாரன் அலறுது. லைட்டு பளிச்னு எரியுது. பேட்டரி எங்க போச்சு?"

"அப்போ செல்ஃபுக்கு வயசாயிடுச்சு."

"வயசானா சத்தம் குறையுமா? நம்ம வீட்ல அப்படி நடக்கலியே!"

தச்சர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். சாவியைத் திருப்பினார். உதட்டைப் பிதுக்கினார்.

"செல்ஃப் போச்சுண்ணே. தள்ளித்தான் கிளப்பணும். தள்ளுற வண்டிக்குத் தள்ளுபடி உண்டுல்ல? பாதி விலைக்குக் குடுங்க."

பாதி! எனக்கு உச்சந்தலையில் புகை வந்தது.

"பாதியா? யோவ், துருப்பிடிச்ச ஆணியக்கூட நான் பாதிக்கு வித்ததில்லய்யா! செல்ஃப் போச்சா? நில்லு, காட்டறேன்!"

வெள்ளைச் சட்டையோடு அடியில் புகுந்தேன். ஒயரைச் சொருகினேன். கறுப்புச் சட்டையோடு வெளியே வந்தேன். ஒரே திருப்பு. வண்டி உறுமியது.

"இப்ப பேசுய்யா!"

"முக்கால்?"

"முழுசு! ஒரு சல்லி குறைக்க மாட்டேன்!"

"சரிண்ணே, முழுசு."

ஜெயித்த மிதப்பில் சாவியை நானே அவர் கையில் வைத்து அழுத்தினேன். வண்டி வாசலைத் தாண்டும்போதுதான், நான் விற்பதாகவே இல்லை என்பது உறைத்தது.

"தச்சரே, நில்லுங்க!" என்று பின்னால் ஓடினேன்.

அவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மறுபடி மக்கர் பண்ணும்னு பயப்படறீங்களாண்ணே? வண்டி கிளம்பலன்னா பாதி விலை கேளுங்க, உடனே செல்ஃப் எடுத்துடும்னு அக்கா நேத்தே சொல்லிட்டாங்க."