பாதரசம் இறங்கிய முகூர்த்தம்

கைபேசியும் சும்மா கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று சேர்ந்தால் மனிதனுக்கு வராத வியாதி கிடையாது. எனக்கு வந்தது பாதரசம். காலேஜ் நாளில் என் கடைவாய்ப் பல்லை அடைத்த வெள்ளி நிறச் சமாச்சாரத்தில் பாதிக்குப் பாதி பாதரசமாம், அது கொஞ்சம் கொஞ்சமாக மூளைக்கு ஏறுகிறதாம். வீடியோவில் ஒருவர் கண்ணை உருட்டிச் சொன்னார். மறதி, எரிச்சல், கைநடுக்கம் எல்லாம் அதன் வேலைதானாம். மூன்றும் என்னிடம் இருந்தன. (எரிச்சல் கல்யாணம் ஆன நாளிலிருந்தே இருக்கிறது என்றாள் என் மனைவி. அதை யார் கேட்டது?)

அதன்பிறகு குடும்ப வாட்ஸப் குழுவில் பாதரசத்தைத் தவிர நான் வேறெதுவும் பேசவில்லை. பாபநாசத்தில் இருக்கும் சரோஜா அக்கா குழுவை விட்டே வெளியேறிப் பார்த்தாள். விடுவேனா, அவளுக்குத் தனியாக அனுப்பினேன்.

அப்போதுதான் அக்கா மகள் கயல்விழிக்கு வரன் கூடிவந்தது. வந்த வரனுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய பெண், மனசாரத் தலையாட்டியது இந்தப் பையனுக்குத்தான். பையன் வீட்டில் பெரியவர் ஒருவர் குடித்தே அழிந்துபோனாராம். அதனால் கேட்டது ஒன்றே ஒன்று, பெண் வீட்டில் குடிக்கிறவர் யாரும் இருக்கக் கூடாது. அக்கா தைரியமாகச் சத்தியம் செய்தாள். நிச்சயத்தில் லக்னப் பத்திரிகையை மைக்கில் வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் பொறுப்பு. நானோ தஞ்சாவூரில் தமிழ் வாத்தியார். குரலுக்குக் கேட்க வேண்டுமா!

நிச்சயத்தன்று அருமையான முகூர்த்தம். காலண்டரைப் புரட்டினேன். மறுநாள் அஷ்டமி, அதற்கடுத்து நவமி, அந்த வாரமே ஆடி பிறக்கிறது. உடம்பிலிருந்து விஷத்தை இறக்க இப்படி ஒரு நாள் இனி எப்போது வாய்க்கும்? காலையில் பல்லை முடித்துக்கொண்டு, தெளிந்த மூளையோடு போய்ப் பத்திரிகை வாசிப்பது என்று முடிவு செய்தேன். மனைவி முந்தின நாளே ஒத்தாசைக்குப் பாபநாசம் போயிருந்தாள். தடுக்க ஆள் இல்லை.

பல் டாக்டர் அம்மா வாய்க்குள் பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். "சார், அடைப்பு நல்லா கெட்டியா இருக்கு. அதுபாட்டுக்கு இருந்தா ஒண்ணும் பண்ணாது. தோண்டினாத்தான் பாதரச ஆவி கூடுதலா வரும், நல்ல பல்லும் சேர்ந்து தேயும்." நான் வீடியோவைக் காட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். நான் பிடித்த பிடியில் நிற்கவே, கடைசியில் ஊசியை எடுத்தார்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது இடப் பக்க உதடும் கன்னமும் பாதி நாக்கும் மரக்கட்டையாகியிருந்தன. மதியத்துக்குள் சரியாகிவிடும் என்றார். நிச்சயம் மதியத்துக்கு முன்னாலேயே என்பதை நான் யோசிக்கவில்லை. (பாதரசம் அப்போதுதானே இறங்கியிருக்கிறது, மூளைக்கு அவகாசம் வேண்டாமா?) மருந்து வாடை போக வேண்டுமென்று ஸ்பிரிட் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தை அரை பாட்டில் கொப்பளித்தேன். பஸ் பிடித்து, வெயிலில் ஓடி, வேர்த்து விறுவிறுத்து, கண் சிவந்து மண்டபத்துக்குள் நுழைந்தேன். வாசலிலேயே காபி கொடுத்தார்கள். பாதி உள்ளே போயிற்று, மீதி இடப் பக்கமாக வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மைக்கைக் கையில் திணித்துவிட்டார்கள்.

"நிகழும்" என்று ஆரம்பிக்க வேண்டும். நீளமாய்க் காற்று வந்தது, கூடவே எச்சில் வந்தது, நிகழும் வரவில்லை. மறுபடி முயன்றேன். மாட்டுக்குத் தவிடு கரைக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பையனின் சித்தப்பா எழுந்து வந்தார். ரிட்டையர்டு சப்-இன்ஸ்பெக்டர், பைபாஸில் வண்டி மறித்தே தலை நரைத்தவர்.

"கொஞ்சம் ஊதுங்க சார்," என்றார்.

ஊத உதடு குவிய வேண்டுமே! அவர் மூக்குக் கண்ணாடி நனைந்ததுதான் மிச்சம். துடைத்துக்கொண்டு மோந்து பார்த்தார். "ஸ்பிரிட் வாடை அடிக்குது," என்று திரும்பி அண்ணனிடம் சொன்னார். பையனின் அப்பா தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. குடி வாடையே ஆகாத தம்பி என்று அவள் என்னைத்தான் அவர்களிடம் பெருமையடித்திருந்தாள். என்னால் ஒரு கல்யாணம் நின்றுபோகிறதே! விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். இன்னும் மோசமானது.

பட்டுப்புடவையும் மாலையுமாகக் கயல் அறையிலிருந்து வெளியே வந்தாள். நேரே என்னிடம் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, அந்தப் பாதரசத்த எடுக்கப் போனீங்களா?"

தலையாட்டினேன். அவள் சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார், பல்லடைப்புல இருக்குற பாதரசம் விஷம்னு இவரு எடுக்கப் போயிருக்காரு, அங்க ஊசி போட்டிருக்காங்க. நம்பலைன்னா ரெண்டு கன்னத்தையும் கிள்ளிப் பாருங்க. போதைன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?"

அவரும் விசாரணை என்றால் விடுகிற ஆள் இல்லை. இடக் கன்னத்தைத் திருகினார். நான் சிலையாக நின்றேன். வலக் கன்னத்தைத் திருகினார். நான் போட்ட அலறல் மைக் வழியாகக் கடைத்தெரு வரைக்கும் போனதாம்.

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் தட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. பத்திரிகையைச் சப்-இன்ஸ்பெக்டரே வாசித்தார், எஃப்.ஐ.ஆர். வாசிக்கிற அதே குரலில். சாப்பாட்டுக்கு முன்னால் பையனின் அப்பா என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய் வாயை ஆவென்று திறந்து காட்டினார். உள்ளே வெள்ளியாக இரண்டு அடைப்பு.

"இத எடுத்துரணுங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, வேண்டவே வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கயலுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. அது பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே சப்-இன்ஸ்பெக்டர் தாத்தா அதற்கு ஒரு வித்தையைப் பழக்கிவிட்டார். என்னைக் கண்டால் மடியில் ஏறி முதலில் இடக் கன்னத்தைக் கிள்ளும், நான் சும்மா இருக்க வேண்டும். பிறகு வலக் கன்னம், அதற்கு நான் அலற வேண்டும். முறைப்படி நடந்தால்தான் அந்த வீட்டில் எனக்கு இலை போடுவார்கள். எந்தக் கன்னத்துக்கு அலற வேண்டும் என்பது எனக்குப் பாதி நாள் மறந்துபோகிறது. பழி போடத்தான் இப்போது பாதரசம் இல்லை.